எழுபதும் முப்பதும் நூறாகாத டிரம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்டதெல்லாம் ஈரம். காபிப்பொடி தீரப்போகிறது.

முதலில் ஒரு திருத்தம். ஒன்றும் ஒன்றும் இரண்டு இல்லை என்று நான் சொன்னதாகக் குடும்பத்தில் பேச்சு. நான் அப்படிச் சொல்லவில்லை. ஸ்பிரிட்டையும் தண்ணீரையும் வகைக்கொரு லிட்டர் எடுத்துக் கலந்தால் இரண்டு லிட்டர் வராது என்றேன். இவை இரண்டும் வெவ்வேறு வாக்கியங்கள். முதலாவதைச் சொன்னால் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பொருள். இரண்டாவதைச் சொல்லத் தெரியாமல் இருந்தால் கல்லூரியில் இத்தனை காலம் பிசிகல் கெமிஸ்ட்ரி நடத்தியதற்குப் பொருளே இல்லை.

இந்தப் பேச்சு எப்படித் தெரிந்தது? நேற்று ரமேஷின் மனைவி வித்யா போனில் என் நலம் விசாரித்தாள். முடித்ததும் போனை வைக்க மறந்துவிட்டாள். அந்தப் பக்கம் யாரிடமோ: "பெரியத்தைக்கு மறதி ஸ்டார்ட் ஆயிடுச்சு. லிட்டர் கணக்குகூட வரல. பாவம், தனியா இருக்காங்கல்ல." மறதி யாருக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு நானே வைத்தேன்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை ரமேஷ் ஒரு காகிதத்தோடு வந்தான். அவன் என் கொழுந்தனார் மகன். அடுகோடியில் இருக்கும் எங்கள் குடும்ப ஷெட்டை இப்போது அவன்தான் நடத்துகிறான். காலமான என் கணவருக்கு இருந்த பாதிப் பங்கு என் பெயரில் இருக்கிறது, அதனால் என் கையெழுத்தும் வேண்டும். ஷெட்டில் தயாராவது கிளினிக்குகளுக்கும் சலூன்களுக்கும் துடைக்கும் திரவம். ஏழு கேன் ஸ்பிரிட், மூன்று கேன் தண்ணீர், கேனுக்கு இருபது லிட்டர். வியாழன் மாலை டிரம்மில் கலந்து, வெள்ளி காலையில் பாட்டிலில் அடைப்பார்கள். கலப்பது அஞ்சலா. சாவியும் அவளிடம். இருநூறு லிட்டர் வர வேண்டிய டிரம்மில் வாராவாரம் ஆறு லிட்டர் குறைகிறதாம். மாலையில் இருந்த மட்டம்கூட மறுநாள் காலையில் இல்லையாம். அப்படியென்றால் ராத்திரியில் எடுக்கிறாள். அப்படியென்றால் திருடி. வேலையை விட்டு நீக்கி, போலீசில் புகார் கொடுக்க முடிவு. அந்தக் காகிதத்தை ஷெட்டில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தும் விட்டானாம்.

"கையெழுத்து மட்டும் போடுங்க பெரியம்மா. மீதிய நான் பாத்துக்கறேன்."

கான்வென்டில் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது: கடைசி வரி வரை படி, பிறகு பேனாவைத் திற. படித்தேன். பேனாவைத் திறக்கவில்லை.

"டிரம்மில் குறைவது இருக்கட்டும். குறையாமல் இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றேன். அதைத்தான் மறதி என்கிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. மறைந்தது.

வாங்க வேண்டியவை: காபிப்பொடி, காது மெஷினுக்கு பேட்டரி, வெள்ளை நூல்கண்டு.

ரமேஷிடம் கேட்டு ஒரு பாட்டில் ஸ்பிரிட் வரவழைத்தேன். அதே ஸ்பிரிட்டாக இருக்க வேண்டும், மருந்துக்கடையில் வாங்கியதை வைத்து வாதாடக்கூடாது. பீரோவிலிருந்து என் அளவு ஜாடிகளை எடுத்துக் கழுவினேன். எழுபது மி.லி. ஸ்பிரிட். முப்பது மி.லி. தண்ணீர். ஊற்றி மூடியதும் ஜாடி உள்ளங்கையில் இளஞ்சூடு. தொண்ணூற்றெட்டு. அந்த நிலையில் எடுத்த அளவு அளவே அல்ல என்று எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன். அறையின் சூட்டுக்கு வரட்டும் என்று மேஜையில் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தொண்ணூற்றேழும் சொச்சமும்.

இருநூறு லிட்டர் டிரம்முக்கு இதைப் பெருக்கினால் ஐந்து லிட்டருக்குச் சற்று அதிகம். யாரும் எடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்ததும் நெருக்கமாக உட்காருகின்றன, அவ்வளவுதான். எந்தத் திரவமும் தன் இடத்தைத் தானாகத் தீர்மானிப்பதில்லை. கூட யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஆனால் ரமேஷ் சொல்வது ஆறு. எனக்கு வருவது ஐந்தேகால். மிச்சம் எங்கே? தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதிவைக்கிறேன்.

மதியம் அழைப்பு மணி. அஞ்சலா. நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். நாற்பது தாண்டிய முகம், அழுத முகமாக இல்லை. உட்கார் என்றேன். தயங்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிடித்திருந்தது.

"கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே. எதுக்கும்மா? எம்மேல பாவப்பட்டா?"

"பாவப்படவில்லை. கணக்குத் தப்பு. தப்பான கணக்கில் என் கையெழுத்து இருக்காது."

சிரித்துவிட்டாள். "அப்ப சரி. பாவம்னா எந்திரிச்சுப் போயிருப்பேன்."

காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க சந்துல தண்ணி புடிக்கப் போனா கொடத்த நவுத்தி வெச்சுக்கறாளுங்க. 'ஏய் பாத்து, அஞ்சலா வரா, மட்டம் கொறஞ்சிடும்'னு ஒருத்தி. எல்லாம் சிரிப்பு. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?"

ஜாடியைக் காட்டினேன். அவளையே கலக்கச் சொன்னேன். மட்டத்தைக் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், திரும்பக் குனிந்தாள்.

"இத்தினி வருஷமா கலக்கறேன். கொறையுதுன்னு தெரியும். ஏன்னு கேட்டா நீதான்னுவாங்கன்னு வாயத் தொறக்கல."

ஜூலை 9, புதன்

மழை. கண் டாக்டரிடம் போகவில்லை, அடுத்த வாரம்.

ரமேஷ் போன். குரலில் சர்க்கரை.

"பெரியம்மா, நாகராஜ் ஒரு ஐடியா சொன்னார். ஆவியாப் போச்சுன்னு எழுதிடலாம். அவளும் தப்பிச்சா, நமக்கும் பிரச்சினை இல்ல."

நாகராஜ் அங்கே மேனேஜர். அவருக்கு முன்னால் அவர் அப்பாவும் அங்கேயே. கன்னடக்காரர், நல்ல மனிதர், ஆனால் ஐடியாக்கள் கொடுப்பார்.

"மூடிய டிரம்மில் எவ்வளவு ஆவியாகும்?" என்றேன்.

"கொஞ்சம் கொஞ்சமா..."

"கொஞ்சம் ஆகும். அப்புறம் நிற்கும். திரவத்துக்கு மேலே உள்ள இடம் ஆவியால் நிரம்பியதும் எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு கீழே திரும்பும். அதுதான் சமநிலை. அந்த இடத்தில் நிற்கும் ஆவியைத் திரவமாக்கினால் ஒரு ஸ்பூன்கூட வராது. ஆறு லிட்டர் ஆவியாக வேண்டுமென்றால் அவள் மூடியைத் திறந்துபோட்டிருக்க வேண்டும். திருடி என்பதற்குப் பதில் பொறுப்பில்லாதவள் என்று எழுதப் போகிறாயா?"

"உங்களோட பேசினா எக்ஸாம் எழுதற மாதிரி இருக்கு பெரியம்மா."

"பாஸ் ஆகவில்லை. நாளை வியாழன். நானே வருகிறேன். டிரம்மை என் முன்னால் கலக்குங்கள். அஞ்சலாவையும் வரச் சொல். நீயே கூப்பிட வேண்டும், ஆள் விட்டு அல்ல."

போனை வைத்த பிறகும் அந்த மிச்சம் மனதில். முக்கால் லிட்டர். அதுமட்டும் அவளாக இருந்தால்? அந்த எண்ணம் வந்தது உண்மை. அப்படி இருந்தால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. மல்லேஸ்வரத்திலிருந்து அடுகோடிக்கு ஆட்டோ. டிரைவர் வழி முழுக்க மெட்ரோவைத் திட்டினார், பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும். இரண்டிலும் நல்ல சொல்வளம்.

ஷெட்டில் எல்லாரும் நின்றிருந்தார்கள். ரமேஷ், நாகராஜ், பாட்டில் அடைக்கும் பெண்கள். அஞ்சலா வாசலருகே, முந்தானைக்குள் கைகளைச் சுற்றிக்கொண்டு.

"உள்ள வா அஞ்சலா" என்றான் ரமேஷ்.

"வரேன். எதையும் தொட மாட்டேன். அப்புறம் தொட்டதாலதான்னு சொல்லுவீங்க."

முதலில் கேன்களைச் சோதித்தேன். ஒவ்வொன்றும் கோடு வரை நிரம்பியிருக்கிறதா, கோடு சரியான கோடுதானா. சரி. நாகராஜ் ஊற்றினார். ஸ்பிரிட் ஏழு, தண்ணீர் மூன்று. நீளமான மரத்துடுப்பால் கிண்டினார். வாடை கண்ணில் ஏறியது, இரண்டு ஜன்னல்களையும் திறக்கச் சொன்னேன்.

"ரமேஷ், டிரம்மைத் தொட்டுப் பார்."

தொட்டான். "அட. வெதுவெதுன்னு இருக்கே. யாரும் சூடு பண்ணலியே."

"கலப்பதில் வரும் சூடு. சூட்டில் திரவம் விரிந்திருக்கும். இப்போது நீ எடுக்கும் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ராத்திரி ஆறும், சுருங்கும். உன் திருடி அதுதான்."

பாட்டில் பெண்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம்: "எத்தினி தபா தொட்டிருக்கோம், வெயில்னு நெனச்சேன்டி."

கோடு போட்ட குச்சியை விட்டுப் பார்த்தோம். நூற்றுத் தொண்ணூற்றாறு. கேன் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே நின்றவர்கள் முகத்தில் அப்போதுதான் மாற்றம். நாகராஜ் குச்சியைத் துடைத்து மறுபடி விட்டார். அதே கோடு.

"ஏனு மேடம் இது, கண் முன்னாடியே நாலு லிட்டர் ஹோயித்து!"

"போகவில்லை. எடை போட்டுப் பாருங்கள், ஒரு துளி குறைந்திருக்காது. இடம்தான் குறைந்தது."

மூடியை இறுக்கி, சுற்றிலும் டேப் ஒட்டி, டேப் மீது நான் கையெழுத்திட்டேன். ரமேஷையும் இடச் சொன்னேன். சாவியை அஞ்சலாவிடம் கொடுக்க வேண்டாம், நாகராஜிடமும் வேண்டாம், நீயே வீட்டுக்கு எடுத்துப் போ என்றேன். தலையாட்டினான். ஏழு வயதில் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் இப்படித்தான் ஆட்டுவான்.

முழங்கால் வலி. தைலம். படுத்ததும் தூக்கம்.

ஜூலை 11, வெள்ளி

குளிர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன். இந்தக் குளிர்தான் எனக்கு வேண்டியிருந்தது. டிரம் நன்றாக ஆறியிருக்கும்.

நான் போனபோது ரமேஷ் கதவைத் திறந்திருந்தான். நாகராஜ் குளித்து, குங்குமம் இட்டு, டிரம் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் மக். தோளில் துணி.

"மேடம், டேப் எப்ப எடுப்பீங்க? பூஜைக்கு லேட் ஆகுது."

"பூஜைக்கும் டிரம்முக்கும் என்ன சம்பந்தம்?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை அல்லவா. தராசு, கண்ணாடி, சாமி படம், சாரோட கார் கிளாஸ், எல்லாம் தொடைக்கணும். ஒரு மக் சாக்கு, போதும்."

"ஒவ்வொரு வெள்ளியும் இதிலிருந்தா எடுப்பீர்கள்?"

"ஹௌது மேடம், ஆமா. எங்கப்பா காலத்துலேர்ந்தே."

"துடைத்த பிறகு அளப்பீர்களா, அளந்த பிறகு துடைப்பீர்களா?"

"பூஜை முடியாம டிரம்முல குச்சி விடுவாங்களா? பூஜை முதல்ல."

மக்கை வாங்கித் தண்ணீர் நிரப்பி, என் பையிலிருந்த ஜாடியில் அளந்தேன். முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த மிச்சம் என் கண் முன்னால், குங்குமம் வைத்துக்கொண்டு.

நாகராஜுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மேடம், அது கள்ளத்தனம் இல்ல. அது பூஜைக்கு."

"கள்ளத்தனம் என்று நான் சொல்லவில்லை. உங்களைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்." விளக்கேற்றும் இடத்தில் ஸ்பிரிட் துணியை வைப்பது எவ்வளவு ஆபத்து என்றும் சொன்னேன். அதை அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

டேப்பைப் பிரித்தோம். கையெழுத்துகள் கிழியாமல் இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள், வாசலில் நின்ற அஞ்சலாவும். குச்சி. நூற்றுத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே.

ரமேஷ் குச்சியையே பார்த்தான். "சாவி எங்கிட்டதான் இருந்துது பெரியம்மா."

"அப்படியானால் நீதான் எடுத்திருக்கிறாய்."

ஷெட் முழுக்கச் சிரிப்பு. ரமேஷும் சிரித்தான். "சரி, விடுங்க. அஞ்சலா, திங்கக்கிழமையிலேர்ந்து வந்துடு. இந்த விஷயத்த இதோட மறந்துடலாம்."

அஞ்சலா சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வெட்கம் போலும் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் இறங்கி ஜாங்கிரி வாங்கினேன். சர்க்கரை கூடாது. இருந்தாலும். அவர் இருந்திருந்தால் இரண்டாவதிலும் பங்கு கேட்டிருப்பார். இரண்டையும் நானே.

ஜூலை 12, சனி

பேட்டரி வாங்கியாயிற்று. இப்போது பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தமும் கேட்கிறது. லாபமா நஷ்டமா தெரியவில்லை.

அஞ்சலாவுக்கு நானே போன் செய்தேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், மறைப்பானேன்.

"திங்கட்கிழமை போகிறாய் அல்லவா?"

"போகலம்மா."

"ஏன்? எல்லாம் நிரூபணம் ஆகிவிட்டதே."

"ஆச்சும்மா. நீங்க ஜெயிச்சீங்க. நான் இன்னும் திருடிதான்."

"யார் சொன்னது?"

"யாரு இல்லேன்னு சொன்னா? மறந்துடலாம்னாரு. நான் எடுத்திருந்தாலும் இதேதாம்மா சொல்லுவாரு. பேப்பர் எழுதிப் படிச்சது எல்லார் முன்னாடி. மறக்கறது மட்டும் வாய்லயா? நாளைக்கு எங்க சந்துல யாராச்சும் கேட்டா எதக் காட்டுவேன், உங்க ஜாடியவா?"

போனை வைத்தேன்.

நேற்று நான் காட்டியது ஸ்பிரிட்டும் தண்ணீரும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை. அது எனக்கு முன்பே தெரிந்த விஷயம். எனக்கு மறதி இல்லை என்று எல்லாரும் பார்த்துவிட்டார்கள். வித்யாகூட மெசேஜ் அனுப்பியிருந்தாள், கைதட்டும் படங்களோடு. என் பெயர் சரியானதும் வேலை முடிந்தது என்று ஜாங்கிரி வாங்கியிருக்கிறேன்.

ரமேஷைக் கூப்பிட்டேன். எழுதிக் கொடு என்றேன்.

"எழுதிக் குடுத்தா அதையே வெச்சுக் கேஸ் போடுவா பெரியம்மா. தெரிஞ்ச வக்கீலக் கேட்டேன், எதுவும் எழுத்துல வேணாம்னார். அதான் வேலைக்கு வரச் சொல்லிட்டேனே. இன்னும் என்ன?"

"குற்றம் எழுத்தில் வேண்டியிருந்ததே. அப்போது வக்கீலைக் கேட்டாயா?"

"நீங்க அவ பக்கமா, நம்ம பக்கமா?"

"டிரம் எந்தப் பக்கம் என்று போய்ப் பார்த்துவிட்டு வா" என்றேன். வைத்துவிட்டான். அவன் வைத்தது, நான் அல்ல.

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்டது. பலகாரம் கிடையாது. காலையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் பிரதியில் கோபம் அதிகம், கிழித்தேன். இரண்டாவதில் கெமிஸ்ட்ரி அதிகம். மூன்றாவது இது. நாளை கூரியரில் போகும். எனக்கென்று ஒரு நகல் இங்கே.

ரமேஷுக்கு,

ஷெட்டின் கூட்டாளி என்ற முறையில் எழுதுகிறேன், பெரியம்மாவாக அல்ல. பெரியம்மாவாக எழுதினால் சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

டிரம்மில் குறையும் ஆறு லிட்டரில் ஐந்தேகால், ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலப்பதால் தானாகச் சுருங்குவது. அதில் ஒரு பகுதி டிரம் ஆறும் வரை தெரியாது, ஆகவே காலையில்தான் காணாமல் போனதுபோல் தோன்றும். மீதியில் பெரும்பகுதி வெள்ளிக்கிழமை பூஜைக்கு எடுக்கும் மக். அதற்குப் பிறகும் ஒரு டம்ளர் அளவு எனக்கு விளங்காமல் இருக்கிறது. உன் குச்சியின் கோடுகள் அதைச் சொல்லும் அளவுக்கு நெருக்கமாக இல்லை. எனக்குத் தெரியாத அந்த ஒரு டம்ளரை நான் யார் தலையிலும் கட்ட மாட்டேன். நீயும் கட்டாதே.

அஞ்சலா எதையும் எடுக்கவில்லை. நீ அவளைத் திருடி என்று எழுதினாய், எழுதியதைப் பலர் முன்னால் படித்தாய். ஆகவே அவள் எடுக்கவில்லை என்பதையும், குற்றச்சாட்டு உன் தவறு என்பதையும் எழுத வேண்டும். அதே ஆட்கள் முன்னால், அதே இடத்தில் நின்று படிக்க வேண்டும். கையெழுத்திட்ட ஒரு பிரதி அவள் கையில் இருக்க வேண்டும். வேலைக்கு வருவதும் வராததும் அதன் பிறகு அவள் இஷ்டம்.

அவள் கேஸ் போடுவாள் என்று பயப்படுகிறாய். போடலாம். போட அவளுக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பயத்துக்காக ஒருத்தி குடத்தோடு தெருவில் தலைகுனிந்து நிற்க முடியாது.

நீ எழுதாவிட்டால் நான் எழுதி ஷெட் சுவரில் ஒட்டுவேன். அந்தச் சுவரில் பாதி என்னுடையது. எந்தப் பாதி என்று நீ சொல்ல வேண்டாம், வாசலுக்கு எதிரே இருப்பதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அது என் கையெழுத்தாக இருக்கும். அவளுக்கு வேண்டியது உன்னுடையது.

செய்வாயா, மாட்டாயா? இந்த வாரத்துக்குள் பதில் வேண்டும். போன் செய்யாதே, வித்யாவை அனுப்பாதே. எழுதி அனுப்பு.